பிரின்சிபலை வகுப்பறைக்குத் திருப்பித் தாருங்கள்: டர்பன் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் கோயில் மண்டபத்தில் நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நமக்கென்று ஒரு தனியார் பள்ளி கட்டலாம் என்ற பேச்சு அன்றைக்கு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆங்கிலவழிக் கல்வி, தமிழ் ஒரு பாடம், சைவச் சாப்பாடு, நல்ல மைதானம், மதில் சுவர், கேமரா. மாதக் கட்டணம் எவ்வளவு வைத்தால் எத்தனை ஆண்டில் கடன் அடையும் என்று திரையில் போட்டுக் காட்டினீர்கள். மூன்று பேர் அங்கேயே நன்கொடை அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அங்கேயே எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் வாசித்துச் சொல்லுங்கள்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்து 17 ஆண்டுகளாக டர்பனில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். என் இரண்டு பெண்களும், நம் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில்தான் படித்தார்கள். அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இரண்டு முறை, மொத்தம் ஆறு ஆண்டு இருந்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பக்கத்துத் தெருப் பள்ளியிலும் இதே கதைதான்.

முதலில் ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

காலை நாலரை மணி, இன்னும் விடியவில்லை. அன்றைக்குப் பள்ளியில் பிரியாணி விற்பனை. டர்பனில் பள்ளிக்குப் பணம் வேண்டுமென்றால் பிரியாணிதான் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. மைதான ஓரத்தில் பெரிய பெரிய அண்டாக்கள், கண்ணைக் கரிக்கும் புகை. பிரின்சிபல் மேடம் தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையும் மாட்டிக்கொண்டு டப்பா டப்பாவாக அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டப்பாவையும் சின்னத் தராசில் வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் கூடினால் ஒரு கரண்டி எடுப்பார். 600 டப்பாவுக்கு டிக்கெட் விற்றிருந்தோம், கடைசி ஆளுக்குக் குறைந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. பக்கத்து நாற்காலியில் அவருடைய கைப்பை. அதிலிருந்து ஒரு நோட்டு எட்டிப் பார்த்தது. அந்த நோட்டு எனக்குத் தெரியும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு அவர் எழுதி வைக்கும் குறிப்பு அது. யார் எந்த எழுத்துக்கூட்டில் தடுக்குகிறார்கள், யார் கடகடவென்று வாசித்துவிட்டு அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள் என்று பிள்ளை பிள்ளையாக எழுதியிருப்பார்.

"இதை எதற்கு மேடம் இங்கே தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நேற்றுப் பார்க்கலாம் என்று எடுத்து வைத்தேன் சார், முடியவில்லை. இன்றைக்காவது நடுவில் பார்க்கலாம் என்று..." அதற்குள் யாரோ சில்லறை கேட்டுக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அன்றைக்கும் அவரால் முடியவில்லை. மத்தியானம் பையை எடுத்துக் கொடுக்கும்போது நோட்டு கீழே விழுந்து திறந்துகொண்டது. கடைசியாக எழுதியிருந்த தேதி ஏழு வாரம் பழையது. விற்பனையில் 19,000 ராண்டுக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சியது. நிர்வாகக் குழு சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஓர் ஆசிரியைக்கு இரண்டு மாதச் சம்பளம் தேறிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்து போனோம்.

அந்த மேடம் பிரின்சிபலாக வந்த முதல் ஆண்டில், தினமும் காலையில் முதல் அரை மணி நேரம் ஐந்து பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். என் சின்னவளும் போயிருக்கிறாள். பிரின்சிபல் அறைக்குப் போவது அந்தப் பள்ளியில் தண்டனை இல்லை, பெருமை. எந்த ஆசிரியருக்கு எங்கே உதவி தேவை என்பது அந்த அரை மணியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் ஆண்டில் அது வாரம் ஒரு நாளாகச் சுருங்கியது. அப்புறம் நின்றே போனது. பிர்ல்ஸ் என்ற அனைத்துலக வாசிப்பாய்வு 2021-இல் நடந்தபோது, தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு வாசித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று முடிவு வந்தது. 2016-இல் அது 78 சதவீதமாக இருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த ஏழு வார நோட்டுதான் ஞாபகம் வந்தது.

சரி, அவரை அண்டா பக்கம் அனுப்பியது யார்?

நம் நாட்டுப் பள்ளிகள் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கின்றன. நல்ல சட்டம். இனவாரியாகச் சிதறிக் கிடந்த பள்ளிகளை ஒன்றாக்கி, பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் நிர்வாகக் குழுவின் கையில் நிறைய அதிகாரத்தைக் கொடுத்தது. ஆனால் அதே சட்டம், அரசு தரும் பணம் போதாத இடத்தில் நிர்வாகக் குழுதான் தன்னால் ஆன எல்லா வழியிலும் பணம் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. கட்டணம் வைக்கலாம், கூடுதல் ஆசிரியர்களை நாமே நியமிக்கலாம், மண்டபத்தை வாடகைக்கு விடலாம். 1990-களின் தொடக்கத்தில் வெள்ளையர் பள்ளிகளுக்காகக் கொண்டுவந்த மாடல் சி என்ற ஏற்பாட்டின் வாசனை இது. ஆசிரியர் சம்பளத்தை அரசு பார்த்துக்கொள்ளும், மற்றதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். வசதியுள்ள பெற்றோர் இருக்கும் இடத்தில் அது ஓடியது, இன்றும் ஓடுகிறது. சாட்ஸ்வொர்த்திலும் அதைப் போன்ற ஃபீனிக்ஸிலும் அது பிரின்சிபலின் கழுத்தில் வந்து விழுந்தது.

அரசு பள்ளிகளை ஐந்து அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. கீழ் மூன்று அடுக்கும் கட்டணமில்லாப் பள்ளிகள். எந்தப் பள்ளி எந்த அடுக்கு என்பது உள்ளே படிக்கும் பிள்ளையைப் பார்த்து முடிவாவதில்லை, பள்ளி இருக்கும் பேட்டையைப் பார்த்து முடிவாகிறது. எங்கள் பள்ளி ஐந்தாம் அடுக்கு, அதாவது வசதியானது என்று கணக்கு. ஆனால் காலையில் வாசலில் நின்று பாருங்கள். பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளான உம்லாசியிலிருந்தும் லமொண்ட்வில்லிலிருந்தும் டாக்சியில் நெருக்கியடித்து வந்து இறங்கும் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். டாக்சிக்குக் கொடுத்தது போக அந்தத் தாய்மார் கையில் என்ன மிஞ்சும்? 2024-இல் பள்ளிச் செலவுக்கென்று தேசிய அளவில் நிர்ணயித்த தொகை, கீழ் மூன்று அடுக்குக்கும் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,672 ராண்ட். ஐந்தாம் அடுக்குக்கு 289 ராண்ட். கட்டணமில்லாப் பள்ளிகளுக்கும் நம் குவாசூலு-நேட்டால் மாகாணம் அந்தத் தொகையை முழுதாகக் கொடுக்கவில்லை, பல ஆண்டுகளாக 955 ராண்டிலேயே நின்றது. அதுவும் நேரத்துக்கு வராமல் மின்கட்டணம் கட்ட முடியாமல் பள்ளிகள் தவித்ததை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

கட்ட முடியாத பெற்றோருக்கு விலக்கு உண்டு. குடும்ப வருமானத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ பள்ளிக் கட்டணம் விழுங்கினால் முழு விலக்கு. நியாயமான விதி, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் விலக்கு கொடுத்த தொகையை அரசு பள்ளிக்கு முழுதாக ஈடு செய்வதில்லை. அந்த ஓட்டையை அடைப்பது பிரின்சிபலின் வேலையாகிவிடுகிறது.

ஆக, ஒரு நாளில் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு முறை கூடவே இருந்து பார்த்தேன். நிதிக் கமிட்டிக்குக் கணக்கு எடுப்பதற்காகப் போயிருந்தேன். ஏழரை மணிக்குக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியலோடு அலுவலகப் பெண் வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிரின்சிபல் குறிப்பு எழுத வேண்டும்: இவருக்கு விலக்குப் படிவம் கொடுங்கள், இவருக்கு இன்னொரு மாதம் தவணை, இவருக்கு வக்கீல் கடிதம். வக்கீல் கடிதம் என்று எழுதும்போது பேனா நின்றது. அந்தத் தகப்பன் வேலை போனவர் என்று அவருக்குத் தெரியும். எட்டரைக்கு நகல் இயந்திரக் கம்பெனிக்காரர், வாடகை பாக்கி. ஒன்பதரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும் சபைக்காரர்கள், ஒலிபெருக்கி பற்றிப் பேச. பதினொன்றுக்கு வேலிக்கு விளம்பரப் பலகை கட்டத் தயாராக இருந்த ஒரு டயர் கடைக்காரர். இடையில் அடுத்த வெள்ளிக்கிழமை கலர் டிரஸ் நாள், பிள்ளைக்கு ஐந்து ராண்ட், அதற்குச் சுற்றறிக்கை. பள்ளி விட்டபோது மணி இரண்டு. அன்று முழுக்க அவர் ஒரு வகுப்பறை வாசலைக்கூட மிதிக்கவில்லை.

தென்னாப்பிரிக்கத் தலைமையாசிரியர் பணிக்கென்று 2016-இல் அரசு ஒரு தகுதிநிலை வெளியிட்டிருக்கிறது. எட்டுக் கடமைகள். அதில் முதலாவது, கற்றல் கற்பித்தலை முன்னின்று நடத்துவது. அந்தத் தாளை அவர் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதன் மேலேயே நிதி திரட்டும் நாள்காட்டியும் ஒட்டியிருந்தது. சுவரில் வேறு இடம் இல்லை.

தனியார்மயம் என்றால் அரசு பள்ளியை யாருக்கோ விற்றுவிடுவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே யாரும் எதையும் விற்கவில்லை. பெயர்ப் பலகையில் அரசுச் சின்னம் அப்படியே இருக்கிறது. ஆனால் உள்ளே நடப்பது கடைக் கணக்கு. பிரின்சிபல் முதலாளி மாதிரி வரவு செலவு பார்க்க வேண்டும், ஆனால் முதலாளிக்குள்ள உரிமை எதுவும் கிடையாது. சட்டப்படி அவர் கல்வித் துறையின் பிரதிநிதியாக நிர்வாகக் குழுவில் உட்காருகிறார். நடைமுறையில் நிர்வாகக் குழுவின் வசூல் அதிகாரியாக ஓடுகிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. என் இரண்டாவது தவணையில் ஒரு துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு நேர்காணல் நடந்தது. நிர்வாகக் குழு நேர்காணல் நடத்திப் பரிந்துரைக்கும், துறை நியமிக்கும். உங்களுக்குத் தெரிந்த முறைதான். கேள்விகளை நாங்கள் முன்கூட்டியே எழுதினோம். "பள்ளிக்கு வெளியிலிருந்து நிதி கொண்டுவர உங்களிடம் என்ன திட்டம்?" என்ற கேள்வியைச் சேர்த்தது நான். வந்தவர்களில் ஒருவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம். எழுத்துக்கூட்டத் தெரியாமல் வரும் பிள்ளையை ஆறு மாதத்தில் எப்படி வாசிக்க வைப்பார் என்று அவர் சொன்னபோது அறையே அமைதியாகக் கேட்டது. வீட்டில் ஜூலு பேசும் பிள்ளைக்கு ஆங்கில எழுத்தொலி எங்கே குழம்பும் என்பதுவரை சொன்னார். என் கேள்வி வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு அது தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்றார். அடுத்து வந்தவர் ஸ்பான்சர் பட்டியலே வைத்திருந்தார். மதிப்பெண் கூட்டிப் பார்த்தோம். ஸ்பான்சர் பட்டியல்காரர் வந்தார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் அந்த ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் அதற்கப்புறம் எந்தப் பதவி உயர்வுக்கும் விண்ணப்பிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

யாரைத் தலைவராக்குகிறோம் என்பதையே பணம் மாற்றிவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்பீர்கள்: இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதானே தனியாகப் பள்ளி கட்டுகிறோம், நம் பள்ளியில் பிரின்சிபல் நிம்மதியாகப் பாடத்தைப் பார்க்கலாமே என்று. அங்கேதான் என் பயமே. தனியார் பள்ளி தொடங்க அரசியல் சட்டத்தின் 29-ஆவது பிரிவே உரிமை கொடுக்கிறது: சொந்தச் செலவில், இனம் பார்க்காமல், பதிவு செய்து, அரசுப் பள்ளிக்குக் குறையாத தரத்தில். தடை ஒன்றும் இல்லை. ஆனால் கட்டணம் ஓர் அளவைத் தாண்டினால் அரசு மானியம் கிடையாது. லாபத்துக்கு நடத்தினால் அறவே கிடையாது. நீங்கள் திரையில் போட்ட கட்டணத்துக்கு மானியத்தை நம்ப முடியாது. அப்படியென்றால் கடனும் சம்பளமும் மின்கட்டணமும் எல்லாம் பிள்ளைகளின் எண்ணிக்கையில் தொங்கும். எண்ணிக்கையைக் கொண்டுவருவது யார் வேலையாகும் என்று நினைக்கிறீர்கள்?

எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த மாகாணத்தில் ஒரு தனியார் பள்ளியில் தலைமையாசிரியராக நான்கு ஆண்டு இருந்தார். அருமையான கணக்கு ஆசிரியர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேலிடத்துக்கு அவர் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும்: போன வாரம் எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் பள்ளியைச் சுற்றிப் பார்த்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன். அந்த அறிக்கையில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று கேட்கும் கட்டம் எதுவும் இல்லை. ஒரு பையனைக் கண்டித்தால் அவன் தகப்பன் மூன்று பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பதால், கண்டிக்குமுன் இரண்டு முறை யோசிப்பேன் என்றார். அரசுப் பள்ளியில் பெற்றோர் தேர்ந்தெடுத்த குழுவிடம் பதில் சொல்லலாம். தனியார் பள்ளியில் முதல் போட்டவரிடம் பதில் சொல்ல வேண்டும். நம் பள்ளியில் முதல் போட்டவர்கள் நீங்களாக இருப்பீர்கள். நீங்கள் நல்லவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வங்கித் தவணை வரும் மாதத்தில் நல்லவர்களும் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள்.

இன்றைக்குப் பெரிய தனியார் பள்ளிக் குழுமமாக இருக்கும் குர்ரோ 1998-இல் கேப் டவுன் பக்கம் டர்பன்வில்லில் ஒரு தேவாலயத்தில் 28 பிள்ளைகளோடு ஆரம்பித்தது. 2011-இல் பங்குச் சந்தைக்குப் போனது. பிறகு 2025-இல் ஓர் அறக்கட்டளை அதைச் சந்தையிலிருந்து விலைக்கு வாங்கி, லாப நோக்கமற்றதாக மாற்ற முன்வந்தது. பணம் மிகுந்தவர்களே இந்தக் கேள்வியில் முன்னும் பின்னும் நடக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெஸ்டர்ன் கேப்பில் இன்னொரு வழியும் பார்த்தார்கள். 2016-இல் சில அரசுப் பள்ளிகளில் நன்கொடையாளர் பணத்தோடு வெளி அமைப்புகளைக் கூட்டாளியாகச் சேர்த்தார்கள். 2018-இல் மாகாணச் சட்டத்தையே திருத்தினார்கள். நிர்வாகக் குழுவில் பாதி வாக்கு அந்தக் கூட்டாளி அமைப்புக்கு. பிள்ளையின் தாய்க்கு இருந்த பெரும்பான்மை போய்விட்டது. அதே மாகாணம் 2025 தொடக்கத்தில் 2,407 ஆசிரியர் இடங்களைக் குறைத்தது. அப்படி இடம் போனால் கட்டணம் வசூலிக்க முடிந்த பள்ளி தன் பணத்தில் ஆள் வைத்துக்கொள்ளும். முடியாத பள்ளியில் பிரின்சிபல் இரண்டு வகுப்பை ஒன்றாக்குவார்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "நம் முன்னோர் அரசை எதிர்பார்க்காமல் தாங்களே பள்ளி கட்டினார்கள், அந்த வழியில்தான் நாமும் போகிறோம்" என்றார். அதற்குத்தான் பலத்த கைதட்டல். அந்த ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் அந்தக் கதையின் பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு இங்கே பள்ளி என்று ஒன்றும் காத்திருக்கவில்லை. கரும்புத் தோட்டத்துக் கூலியில் மிச்சம் பிடித்தும், கோயில் வளவில் கொட்டகை போட்டும்தான் ஆரம்பித்தார்கள். பிறகு சமூகம் பாதி, அரசு பாதி என்று அரசு உதவி பெறும் பள்ளிகள் வந்தன. இடம் பற்றாமல் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மத்தியானம் ஒரு பள்ளி என்று நடத்தினார்கள். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1927-இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இங்கே வந்து, நம் மக்களிடம் பணம் திரட்டி டர்பனில் உருவாக்கிய உயர்நிலைப் பள்ளிதான் சாஸ்திரி கல்லூரி. ஆனால் அதைக் கட்டி யாருக்குக் கொடுத்தார்கள்? அரசுக்குத்தான் கொடுத்தார்கள். கட்டடத்தை நாங்கள் தருகிறோம், ஆசிரியரை நீ தா, சம்பளத்தை நீ கொடு, இவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள் என்று ஒப்புக்கொள் என்பதுதான் அவர்கள் வைத்த கோரிக்கை. 1925-இல் தொடங்கிய நேட்டால் இந்திய ஆசிரியர் சங்கமும் தலைமுறை தலைமுறையாக இதையேதான் கேட்டது. அவர்கள் செங்கல் சுமந்தது அரசைப் பள்ளிக்குள் இழுத்து வருவதற்காக. நாம் இப்போது செங்கல் சுமக்க நினைப்பது அரசுப் பள்ளியிலிருந்து நம் பிள்ளைகளை வெளியே கொண்டுபோவதற்காக.

வெளியே போகிறவர்கள் யார் என்றும் யோசியுங்கள். கட்டணம் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள், கூட்டத்துக்கு வருகிறவர்கள், கணக்கு பார்க்கத் தெரிந்தவர்கள். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டே ஆண்டில் அப்படி முப்பது குடும்பம்போல் போயிற்று. அடுத்த ஆண்டு நிர்வாகக் குழுவுக்குப் பொருளாளர் கிடைக்கவில்லை. பிரின்சிபல்தான் கணக்கையும் பார்த்தார். நிதி குறைந்ததும் முதலில் நின்றது என்ன தெரியுமா? தமிழ். நம் மாகாணத்தில் 2014-இல் இந்திய மொழிகளைப் பள்ளியில் விருப்பப் பாடமாக மறுபடி கொண்டுவந்தபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! எங்கள் பள்ளியில் வாரம் இரண்டு பீரியட் எடுத்த பெண்ணுக்கு நிர்வாகக் குழுதான் மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்தது. பிரின்சிபல் மேடம் தமிழை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் வந்து சொன்னார். "சார், நூலகமா தமிழா என்று வந்துவிட்டது." ஒன்பது பிள்ளைகள் அ, ஆ முடித்து க வரிசைக்கு வந்திருந்தார்கள். அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் ஜூலுப் பிள்ளைகள்.

உங்கள் புதுப் பள்ளியில் தமிழ் இருக்கும், தெரியும். கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு இருக்கும்.

இவ்வளவும் சொன்னவன், என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். பள்ளி கட்டும் வேலையை ஓர் ஆண்டு தள்ளி வையுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். நிர்வாகக் குழுத் தேர்தல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வரும். 2024-இல் நடந்தது, அடுத்தது 2027-இல். அதற்கு ஆட்களை இப்போதே தயார் செய்யலாம். பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்காவிட்டாலும், வாக்குரிமை இல்லாத உறுப்பினராக வெளியாரைக் குழு சேர்த்துக்கொள்ள முடியும், சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் சங்கங்களில் கணக்காளர்கள் எத்தனை பேர், வக்கீல்கள் எத்தனை பேர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் எத்தனை பேர்! மாதம் இரண்டு மாலை வந்து ஒரு பள்ளியின் கணக்கைப் பார்த்துக்கொடுத்தால், கட்டணம் கட்டாதவரோடு பிரின்சிபலுக்குப் பதிலாக நீங்கள் உட்கார்ந்து பேசினால், விலக்குப் படிவத்தை நிரப்ப அந்தத் தாய்க்கு உதவினால், அந்த அரை மணி நேரம் திரும்பி வரும். அண்டாவையும் நீங்களே கிளறுங்கள். பிரியாணி செய்ய நம்மிடம் ஆளுக்கா பஞ்சம்? ஆடி மாதத்தில் ஆயிரம் பேருக்குக் கூழ் ஊற்றுகிற கைகள் இவை.

அடுக்கு மாற்றத்துக்கு மனுப் போடுவது இன்னொன்று. உள்ளே இருக்கும் பிள்ளையைப் பார்த்து அடுக்கை முடிவு செய் என்று ஒரு பள்ளி தனியாகக் கேட்டால் கடிதம் கோப்பில் தூங்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நம் அமைப்புகள் கேட்டால் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும். நன்கொடை அறிவித்த மூன்று பேரிடமும் நானே வந்து பேசுகிறேன். அந்தப் பணம் பத்துப் பள்ளிகளில் தமிழ் ஆசிரியருக்குப் போகட்டும். ஆனால் பணம் கொடுத்ததற்காக நிர்வாகக் குழுவில் நாற்காலி கேட்க வேண்டாம், பிரின்சிபலைக் கூப்பிட்டு மேடையில் பொன்னாடை வாங்க வைக்கவும் வேண்டாம்.

நேர்காணல் குழுக்களில் நம்மவர் இருந்தால், நான் கேட்ட கேள்வியை இனி யாரும் கேட்காதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

அந்த மேடம் இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு யார் வருவார் என்று தெரியாது. நோட்டு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. போன வாரம் கேட்டபோது, மறுபடியும் நாலு பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார், போகுமுன் முடிந்தவரை பார்க்கலாம் என்று.

வரும் சனிக்கிழமை என் தமிழ் வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடியும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்தப் பள்ளி அலுவலகத்துக்குப் போகிறேன். அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் உங்களில் ஒருவராவது என்னோடு வாருங்கள். பேச வேண்டாம். இரண்டு மணி வரைக்கும் அவர் அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும்.

அன்புடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்
டர்பன்